தராசு படிக்காத எண்கள்

பழங்காநத்தம் பக்கம் பழைய இரும்புக் கடைக்கு வரும் எலக்ட்ரானிக் போர்டுக்குத் தராசுதான் விலை சொல்லும். டிவி போர்டும் ஆய்வகக் கருவியின் போர்டும் ஒரே சாக்கில் விழும். தெற்கே திருப்பரங்குன்றத்தில் 1957இலிருந்து பொறியியல் கல்லூரி நடக்கிறது. பசுமலைப் பக்கம் பஞ்சாலைகள். இப்படிப்பட்ட வட்டாரத்தில் அந்தச் சாக்கை ஒருமுறை கிளறாமல் விடக்கூடாது என்பது என் கட்சி.

கிளறுகிறவர்கள் போர்டிலேயே பெரிய ஐசி எது என்று தேடுவார்கள். நான் முதலில் கனெக்டரைப் பார்க்கச் சொல்வேன். தட்டையான 24 முனைகள், இரு ஓரமும் திருகுக்கு இடம் என்றிருந்தால் அது ஜிபிஐபி. வோல்ட்மீட்டர், ஆசிலோஸ்கோப் போன்றவற்றைக் கணினியோடு இணைக்க எச்பி நிறுவனம் 1960களின் கடைசியில் உருவாக்கியது. 1975இல் ஐஇஇஇ-488 என்ற தரமானது. ஒரே இணைப்பில் 15 கருவிகள் வரை. எட்டுக் கம்பியில் தகவல், ஐந்தில் நிர்வாகம், மூன்றில் ‘வாங்கியாச்சா?’ என்ற விசாரிப்பு. கேட்கிற கருவிகளில் மந்தமானது வாங்கி முடிக்கும்வரை அடுத்த பைட் நகராது. திருகையும் கவனியுங்கள். கறுப்பு என்றால் மெட்ரிக் மரை, வெள்ளி நிறம் என்றால் பழைய அங்குல மரை. மாற்றி முறுக்கினால் மரை போய்விடும்.

கனெக்டரை ஒட்டிப் பெரும்பாலும் 20 கால் ஐசி இரண்டு இருக்கும்: 75160, 75161. இவை கம்பிக்கு மின்சாரம் தள்ளும் கூலிகள். மூளை அவற்றுக்கு உள்பக்கமாக இருக்கும் 40 கால் ஐசி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்9914, இன்டெல்லின் 8291, என்இசியின் 7210 மூன்றையும்தான் அதிகம் பார்க்கலாம். கடைசி ஐசியின் முதுகில் ‘டி7210சி’ என்றே அச்சடித்திருக்கும். கேட்லாகில் முன்னால் வரும் ‘மியூபி’ அதில் இருக்காது. முழுப் பெயரைத் தேடிக் கிடைக்காமல் போர்டை ஒதுக்கிவைத்தவர்கள் உண்டு. எச்பி போர்டு இன்னும் குறும்பு செய்யும். கடையில் கிடைக்கும் ஐசிக்கே 1820 என்று தொடங்கும் சொந்த எண்ணை அடித்து வைத்திருப்பார்கள். ஆனால் போர்டின் எண் உதவும்: 03456-66501 என்று இருந்தால் அது 3456 மாடல் வோல்ட்மீட்டரிலிருந்து கழற்றியது.

அடுத்தது தேதி. 8437 என்றால் 1984ஆம் ஆண்டின் 37ஆவது வாரம். 7432 என்று மட்டும் கண்டால் அவசரப்படாதீர்கள். அது 1974ஆம் ஆண்டின் 32ஆவது வாரமாகவும் இருக்கலாம், நாலு ‘ஆர்’ கேட் கொண்ட சாதாரண ஐசியின் பெயராகவும் இருக்கலாம். பக்கத்து ஐசிகளின் தேதியோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஸ்டிக்கர் ஒட்டிய ஐசி இருந்தால் எண்ணைப் பார்க்கும் ஆசையில் உரித்துவிடக் கூடாது. அடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் இருக்கும். கருவியின் புரோகிராம் அதற்குள்தான். நேர் வெயிலில் சுமார் ஒரு வாரம் கிடந்தால் அழிந்துவிடும் என்று இன்டெல்லின் தகவல் தாளே கணக்குச் சொல்கிறது. கடை வாசல் குவியலுக்கு அது போதாதா?

எஸ்சிஎல் முத்திரை கிடைத்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். மொகாலியில் 1984இல் சிப் தயாரிக்கத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. அதே ஆண்டு ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அதை யூனிகார்ன் என்ற பெயரில் எஸ்சிஎல் இங்கேயும் தயாரித்தது. பிபிசி போர்டில் 6502 பிராசசரோடு என்இசியின் 7002 இருக்கும். சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும், நாலு சேனல். அறிவியல் ஆய்வகத்துக்கு வேறு கார்டு வாங்கத் தேவையில்லாத கணினி. 1989 பிப்ரவரியில் மொகாலி ஆலை தீப்பிடித்தது. அதற்கு முந்தைய தேதியோடு எஸ்சிஎல் சிப் இருக்கிற போர்டு கிடைத்தால், கடைக்காரர் கேட்கிற கிலோ விலையைக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.