வெந்நீர் ஊற்றுகளைத் தேடி ஒரு குடும்பப் பயணம்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "இம்முறை எங்கே போவோம்?" பிள்ளைகள் கடற்கரை என்பார்கள். உம்மாவுக்கு நுவரெலியாக் குளிர் பிடிக்கும். முழங்கால் வலியோடு கட்டிலில் அமர்ந்திருக்கும் மூத்தம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "என்னைச் சுடுதண்ணிக் கிணத்துக்குக் கூட்டிப் போங்க மகன்" என்பார்.

அன்பான வாசகர்களே! மூத்தம்மாவின் ஆசை நிறைவேற்றத்தக்கதே. நம் நாட்டில் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மகாபெலஸ்ஸ முதல் திருகோணமலையின் கன்னியா வரை பல வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஆனால் அங்கே செல்பவர்களிற் பலர் அவ்விடத்தைப் பற்றி ஒன்றுமே அறியாமற் செல்கிறார்கள், குளிக்கிறார்கள், குப்பையைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். சிலர் பிள்ளையின் காலைச் சுட்டுக்கொண்டும் திரும்புகிறார்கள். வெந்நீர் ஊற்றுக்கு நாம் விருந்தாளிகளாகவே செல்கிறோம். வீட்டை அறிந்து செல்லும் விருந்தாளிக்குத்தான் மதிப்பும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. அதை மனதிற் கொண்டு, கண்டியிலிருந்து மஹாஓயா வழியாகத் திருகோணமலை வரை செல்லும் ஒரு பயணத்தை இங்கே எழுதுகிறேன்.

மஹாஓயாவை நோக்கி

கண்டியிலிருந்து அதிகாலை ஸுபஹுத் தொழுகையோடு புறப்படுவது நல்லது. மகியங்கனை வீதியில் 'பதினெட்டு வளைவு' எனப் பெயர் பெற்ற இறக்கம் வரும். வாகனத்தில் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பு வயிறு நிறையக் கொடுத்துவிடாதீர்கள். மலை இறங்கியதும் காற்று மாறும். குளிர் போய் உலர்வலயத்தின் வெப்பம் முகத்தில் அடிக்கும். மகியங்கனை, பதியத்தலாவை ஊர்களைக் கடந்தால் மஹாஓயா. நகரிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரத்தில் ஊற்றுகள் இருக்கின்றன.

வெளியிலிருந்து பார்த்தால் அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கட்டப்பட்ட சில கிணறுகள், அவற்றினடியிலிருந்து இடையிடையே மேலே வரும் குமிழிகள், அவ்வளவுதான். ஆனால் கிணற்றுக்குக் கிணறு வெப்பம் வேறுபடும். மிகச் சூடான கிணற்றில் ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கிறது. நம் நாட்டு ஊற்றுகளில் இது மிகவும் சூடான சிலவற்றுள் ஒன்று.

அடுப்பு எங்கே இருக்கிறது?

"இலங்கையில் எரிமலை இருக்கிறதா சேர்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. நம் நாட்டின் பாறைகளிற் பெரும்பாலானவை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை கொண்டவை. உயிருள்ள எரிமலை எதுவும் இங்கில்லை. அப்படியானால் தண்ணீரைச் சுடவைப்பது எது?

பூமியின் ஆழம்தான். நிலத்தைத் தோண்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும். மலையிலும் காட்டிலும் பெய்யும் மழையின் ஒரு பகுதி பாறை வெடிப்புகளினூடாகக் கீழே கீழே இறங்குகிறது. ஆழத்திற் சூடாகி, வேறொரு வெடிப்பின் வழியே மேலே ஏறிவருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலமட்டத்தில் 27 பாகையளவில் இருக்கும் நீர் 55 பாகைக்கு வரவேண்டுமானால், அது ஒரு கிலோமீற்றராவது கீழே போய்வந்திருக்க வேண்டும். வரும் வழியில் ஆறியும் இருக்கும் என்பதால், போன ஆழம் அதைவிடக் கூடியதே.

நம் நாட்டு ஊற்றுகள் தெற்கிலிருந்து கிழக்கு வழியாக வடகிழக்கு வரை ஒரு வரிசைபோல அமைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. புவியியலாளர் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என அழைக்கும் இரு பெரும் பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லை அப்பக்கமாகவே செல்கிறது. அங்கே பாறைகள் வெடித்தும் முறிந்தும் இருப்பதால் நீருக்கு வழி கிடைக்கிறது. ஆகவே, ஒரு வாளி வெந்நீரை அள்ளும்போது நாம் அள்ளுவது நெடுங்காலத்துக்கு முன் பெய்து, இருளில் நெடுந்தூரம் நடந்துவந்த மழையை. பிள்ளைகளுக்கு இதைக் கிணற்றருகிலேயே நிறுத்திச் சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தில் பத்துத் தடவை படிப்பதைவிட அது மனதிற் பதியும்.

சூட்டை அற்பமாக எண்ணாதீர்கள்

55 பாகை என்பது தேநீர்ச் சூடுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வெப்பத்தில் நீர் அரை நிமிடம் தொடர்ந்து பட்டால் வளர்ந்தவரின் தோலே வெந்துவிடும். சிறு பிள்ளைகளின் தோல் மெல்லியது. அதற்கு இன்னும் குறைந்த நேரமே போதும். ஊற்று நீரில் முட்டை அவிக்கலாம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 55 பாகையில் முட்டை இறுகாது. ஆனால் குழந்தையின் பாதம் புண்ணாகும்.

ஆகவே பிள்ளைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள். முதலில் ஒரு பெரியவர் வாளியில் அள்ளி முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். வேண்டுமானால் சற்று ஆறவிட்டு ஊற்றுங்கள்.

நீரிழிவு நோயாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுநாள் நீரிழிவால் சிலருக்குப் பாதத்தின் உணர்வு குறைந்துவிடும். சூடு பட்டாலும் தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறுவதும் கடினம். மூத்தம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் அவர் "சுடவில்லை" என்று சொல்வதை நம்பாமல், நீங்கள் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். இருதய நோயுள்ளோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரின் ஆலோசனை பெற்றே செல்ல வேண்டும். வெந்நீர் தசைகளைத் தளர்த்தி வலிக்குச் சற்று ஆறுதல் தரும் என்பது உண்மை. ஒரு குளிப்பில் நோய் பறந்துவிடும் என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுவது பேதைமை.

இந்த நீரைப் போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிப்பதும் வேண்டாம். ஆழத்துப் பாறைகளோடு நெடுங்காலம் கிடந்த நீரில் புளோரைட்டு கரைந்து சேர்ந்திருக்கும். நம் நாட்டு வெந்நீர் ஊற்றுகள் பலவற்றில் அது குடிநீருக்கு ஏற்ற அளவைவிட அதிகம். பிள்ளைகளின் பற்களைக் கறைப்படுத்துவதும் இதே புளோரைட்டுதான்.

வுழூச் செய்யலாமா?

இயற்கையாகச் சூடான நீர் தூய நீரே. அதனால் வுழூவும் குளிப்பும் கூடும். ஆயினும் உறுப்புகளைச் சீராகக் கழுவ முடியாத அளவு கொதிக்கும் நீரைப் பயன்படுத்துவதை ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் வெறுக்கத்தக்கதாகவே கூறியுள்ளனர். உடலுக்குத் தீங்கு வரக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

இன்றைய மருத்துவம் இதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. வெதுவெதுப்பான நன்னீரில் 'நெக்லேரியா' என்னும் அமீபாக் கிருமி வாழக்கூடும். குடித்தால் அது நோய் தராது. மூக்கினுள் ஏறினால் மூளையைத் தாக்கும். இது மிக அரிதாகவே நிகழ்வது, ஆனால் வந்தவர் பிழைப்பது கடினம். பாகிஸ்தானின் கராச்சி நகரில் இவ்வாறு நிகழ்ந்த மரணங்கள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. அவர்களிற் பலர் நீச்சலுக்குப் போனவர்களல்லர். வுழூவின்போது மூக்கினுள் சென்ற குழாய் நீரே காரணமாகக் கருதப்பட்டது. ஆகவே ஊற்று நீரை மூக்கினுள் உறிஞ்சாதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரை ஒரு கலனில் எடுத்துச் சென்றால் வுழூவுக்கும் உதவும், குடிக்கவும் உதவும். 80 கிலோமீற்றரைத் தாண்டிய பயணம் என்பதால் ழுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழும் சலுகையும் உங்களுக்கு உண்டு. "நேரமில்லை" என்று தொழுகையை விட்டுவிடக் காரணமே இல்லை.

கன்னியாவின் ஏழு கிணறுகள்

மஹாஓயாவிலிருந்து செங்கலடிக்கு வந்து இடப்பக்கம் திரும்பினால் ஓட்டமாவடி, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என வழி நீளும். முன்பு இவ்வழியில் பல துறைகளைப் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறியே கடக்க வேண்டியிருந்தது. 2009 இல் போர் முடிந்த அதே ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இன்று திருகோணமலைக்குத் தடையின்றிப் போகலாம். அங்கிருந்து அநுராதபுர வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சென்றால் கன்னியா.

இங்கே ஏழு சிறு சதுரக் கிணறுகள் அருகருகே உள்ளன. சூடு மஹாஓயாவைப் போன்றதல்ல. உடல் வெப்பத்தை ஒட்டியது. ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். உள்ளே இறங்காமல் வாளியால் அள்ளி ஊற்றியே குளிக்க வேண்டும். முதியோருக்கு இதுவே உகந்த இடம்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இது வெறும் குளிக்குமிடமல்ல. இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்ய உண்டாக்கிய ஊற்று இது என்பது இந்து மக்களின் ஐதிகம். இறந்தோருக்கான கிரியைகளை இங்கே வந்து செய்கிறார்கள். இவ்விடத்தின் உரிமை குறித்து இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு 2019 இல் நீதிமன்றம் வரை சென்றது. நீங்கள் உல்லாசமாகக் குளிக்கும் வேளையில், பக்கத்துக் கிணற்றடியில் ஒரு மகன் தன் தாயை நினைத்து அழுதுகொண்டிருக்கலாம். அவர் முன்னே கூச்சலிடுவதும் பாட்டுப்போட்டு ஆடுவதும் நமக்கு அழகா? நம் மையவாடியில் பிறர் அப்படி நடந்தால் நம் மனம் என்ன பாடுபடும்?

உடையிலும் கவனம் வேண்டும். ஆண்கள் தொப்புள் முதல் முழங்கால் வரை மறையும்படி சாரம் உடுத்திக் குளிக்கட்டும். பெண்கள் கூட்டம் குறைந்த அதிகாலை வேளையைத் தெரிந்துகொள்வது நல்லது. மாற்றுடையும் பெரிய துவாயும் எடுத்துச் செல்லுங்கள். சவர்க்காரமும் ஷெம்புவும் கிணற்றருகே வேண்டவே வேண்டாம். ஓடும் ஆற்றின் அருகிலும் நீரை வீணாக்காதிருக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அடுத்தவர் காத்திருக்கையில் வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருப்பது நமக்குப் பொருந்தாது.

பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். பயணத்தில் நீங்கள் குப்பையைப் பொறுக்கிப் பையில் இட்டால், அதையும் படிப்பார்கள். அயலவரின் துயருக்கு முன் குரலைத் தாழ்த்தினால், அதையும் படிப்பார்கள். வரும் விடுமுறையில் மூத்தம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். போன இடத்தைப் போனபடியே விட்டு, நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக!