குச்சிக்குள் இருக்கும் மருந்து

பசு பருவத்துக்கு வருகிறது. சினை ஊசி போடுகிறார்கள். மூன்று வாரம் கழித்து மீண்டும் கத்துகிறது. சினை பிடிக்கவில்லை. தீனிச் செலவு ஏறுகிறது. பால் வருவது தள்ளிப் போகிறது. ஒரே ஒரு பசுவை நம்பி இருக்கும் குடும்பம் என்ன செய்யும்?

சினை பிடிக்காததற்குப் பல காரணங்கள் உண்டு. விந்தில் கிருமி இருப்பதும் ஒரு காரணம்.

குஜராத் மாநிலத்தில் பிடாஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சபர்மதி ஆசிரம கோசாலையின் பண்ணை இருக்கிறது. நல்ல காளைகளை வளர்த்து, விந்து எடுத்து, உறைய வைத்து அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட நிலையங்கள் நாட்டில் பல உள்ளன.

காளை சாணத்திலும் மண்ணிலும் படுக்கும். அதன் உடம்பில் கிருமி ஒட்டியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் விந்தோடு வந்துவிடும். எடுத்த விந்தில் முட்டையின் மஞ்சள் கரு கலந்த கரைசலைச் சேர்ப்பார்கள். மஞ்சள் கரு உயிரணுவைக் குளிரிலிருந்து காக்கும். ஆனால் கிருமிக்கும் அது நல்ல சாப்பாடு! பிறகு மெல்லிய குச்சியில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி குளிரில் வைப்பார்கள். ஒரு குச்சியில் கால் மில்லிதான். அதில் சுமார் 2 கோடி உயிரணுக்கள் இருக்கும். அந்தக் குளிரிலும் பல கிருமிகள் சாவதில்லை.

அதனால்தான் கரைசலில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்க்கிறார்கள். 1940களில் அமெரிக்காவில் அல்ம்குவிஸ்ட் என்ற அறிஞர் இதைச் சோதித்தார். மருந்து சேர்த்த விந்தில் சினை பிடிப்பது கூடியது.

மருந்து கூடினால் இன்னும் நல்லதா? இல்லை. ஒரு மில்லிக்குப் பெனிசிலின் 1000 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 1 மில்லிகிராம் என்பது பழகிய அளவு. அளவு மிஞ்சினால் மருந்தே உயிரணுவைத் தாக்கும். உயிரணு நீந்துவது குறையும். நீந்தாத உயிரணு முட்டையைச் சேராது. குறைந்தாலோ கிருமி பிழைத்துக்கொள்ளும். அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி பிறகு அந்த மருந்துக்கு அடங்காது.

இன்னொன்றும் உண்டு. இந்த மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. கன்று வீச்சு நோய்க்கும் இதை நம்ப முடியாது. அதனால் காளைகளின் இரத்தத்தைச் சோதித்து, நோயுள்ளதை விலக்கிவிடுகிறார்கள்.

சில ஊர்களில் காளையையே நேராகப் பசுவோடு சேர்க்கிறார்கள். அந்தக் காளைக்குக் காய்ச்சல் வந்தால், சிலர் கடையில் மருந்து வாங்கித் தாங்களே ஊசி போடுகிறார்கள். பிறகு சினை பிடிக்காவிட்டால், "ஊசிதான் கெடுத்தது" என்கிறார்கள். ஊசியை மட்டும் குறை சொல்வது சரியல்ல. சில மருந்துகள் விந்தைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் காய்ச்சலின் சூடும் கெடுக்கும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

காளையின் உடம்பில் புது உயிரணு உருவாக ஏறக்குறைய 2 மாதம் ஆகும். காய்ச்சல் இன்று இறங்கினாலும் விந்து உடனே தேறாது. நிலையத்தில் இப்படிப்பட்ட காளையின் விந்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உறைய வைத்து எடுத்த பிறகும் உயிரணுக்களில் பாதியாவது நேராக நீந்த வேண்டும். அப்போதுதான் அதன் குச்சிகள் மீண்டும் கிராமத்துக்கு வரும்.