திரள்களுக்கும் வயதாகிறது: பீட்ரிஸ் டின்ஸ்லியை முன்வைத்து

"அறிவியலும் ஒரு கதையாடல்தானே" என்று கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார். இந்த வாக்கியத்தை நானும் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுக் கோட்பாட்டுப் பக்கம் வந்தவர்களுக்கு ரொம்ப வசதியான வாக்கியம் இது. இயற்பியல் தெரியாமலே இயற்பியலைத் தீர்த்துக்கட்டிவிடலாம். அன்றைக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. பீட்ரிஸ் டின்ஸ்லி என்ற வானியற்பியலாளரைப் பற்றி அப்போது படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஆய்வும் வாழ்க்கையும் அந்த வாக்கியத்தில் பாதியை ஒப்புக்கொள்கின்றன, மறுபாதியை மறுக்கின்றன. எது எந்தப் பாதி என்று எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

1

1960களில் பிரபஞ்சவியல் என்பது அநேகமாக ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது. பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை 1929இல் ஹப்பிள் காட்டிவிட்டார். அதிலுள்ள பொருளெல்லாம் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அந்த விரிவின் வேகம் குறைய வேண்டும். எவ்வளவு குறைகிறது? ஒருநாள் நின்று, திரும்பச் சுருங்கி விழுமா, இல்லை முடிவில்லாமல் விரிந்துகொண்டே போகுமா? கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடியவர் ஆலன் சாண்டேஜ். ஹப்பிளின் வாரிசு என்று கருதப்பட்டவர். பிரபஞ்சவியல் என்பது இரண்டு எண்களைத் தேடுவதுதான் என்று 1970இல் எழுதினார். இப்போது விரியும் வேகம் ஒன்று, அது குறையும் வீதம் இன்னொன்று.

வீதத்தைக் கண்டுபிடிக்கத் தொலைவு தெரிய வேண்டும். தொலைவை எப்படி அளப்பது? இரவில் ஒரு நீண்ட தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கம்பத்திலும் ஒரே வாட் பல்பு என்று தெரிந்தால், மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரம் என்றுகூடக் கணக்குப் போட்டுவிடலாம். சாண்டேஜ் தேர்ந்தெடுத்த பல்பு, கேலக்ஸிக் கூட்டங்களில் மிகப் பிரகாசமாக இருக்கும் ராட்சத நீள்வட்ட கேலக்ஸி. எந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் முதன்மைக் கேலக்ஸியின் ஒளி கிட்டத்தட்ட ஒரே அளவுதான் என்பது பார்த்து அறிந்த விஷயம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தூரத்துக் கேலக்ஸியிலிருந்து வரும் ஒளி பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. நாம் பார்ப்பது அதன் இன்றைய முகத்தை அல்ல, இளமை முகத்தை. இளமையிலும் அது இதே வெளிச்சத்தோடுதான் இருந்ததா? சாண்டேஜ் இந்தக் கேள்வியை அறியாதவர் அல்ல. திருத்தம் சிறியதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அளவுகோலுக்கு வயதாகாது என்பது, வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும், அந்த முறையின் அடியில் கிடந்தது.

2

கேலக்ஸியைத் தமிழில் விண்மீன் திரள் என்கிறோம். 'திரள்' பெயர்ச்சொல்லும் ஆகும், வினையும் ஆகும். கூட்டம் திரள்கிறது, வெண்ணெய் திரள்கிறது. டின்ஸ்லி செய்ததைச் சொல்ல இந்தச் சொல் தோதாக இருக்கிறது. பெயராகக் கிடந்த கேலக்ஸியை அவர் வினையாக்கினார்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு (1967) கேலக்ஸிகளின் பரிணாமம் பற்றியது. அதன் அடிப்படையை நம்மைப் போன்றவர்களும் புரிந்துகொள்ள முடியும். கேலக்ஸி என்பது நட்சத்திரங்களும் வாயுவும். குளிர்ந்த வாயு மேகங்கள், சுழியத்துக்குக் கீழே 260 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தவை, தம் எடையால் தாமே உள்ளிடிந்து நட்சத்திரங்களாகின்றன. பிறக்கும் நட்சத்திரத்தின் தலையெழுத்து அதன் நிறைதான். சூரியன் அளவு இருந்தால் ஆயிரம் கோடி ஆண்டு வாழும். சூரியனைப்போல 20 மடங்கு இருந்தால் நீல நிறத்தில் கொழுந்துவிட்டு எரிந்து ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டில் முடிந்துவிடும், வெடித்துச் சிதறும். சூரியனைவிட மிகச் சிறியவை மங்கலாகச் சிவந்து, பிரபஞ்சத்தின் இதுவரையிலான வயதான 1380 கோடி ஆண்டைவிட நீண்டு வாழும். ஒரு பெரியது பிறக்கும்போது எத்தனை சிறியவை பிறக்கின்றன என்பதற்கு எட்வின் சால்பீட்டர் 1955இல் ஒரு விகிதம் கண்டிருந்தார். வெடித்தவை தம் வயிற்றில் சமைத்த ஆக்சிஜனையும் இரும்பையும் வாயுவுக்கே திருப்பித் தருகின்றன. அடுத்த தலைமுறை அந்த வாயுவிலிருந்து பிறக்கிறது.

மேகம் முழுவதும் நட்சத்திரமாகிவிடுவதில்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல என்பார்களே, இங்கே அது அப்படியே நடக்கிறது. முதலில் திரண்ட பெரிய நட்சத்திரங்களின் வெப்பமும் வெடிப்பும் மீதி மேகத்தைக் கலைத்துவிடுகின்றன. நட்சத்திரமாவது சில சதவீதம்தான். நம்முடைய பால்வீதியில் இன்று ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஓரிரு சூரியன் அளவு வாயுதான் நட்சத்திரமாகிறது.

டின்ஸ்லி இவற்றையெல்லாம் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார். இவ்வளவு வாயு, இந்த வேகத்தில் பிறப்பு, இந்த விகிதத்தில் பெரியதும் சிறியதும் என்று வைத்துக்கொண்டு, கணினியில் காலத்தைப் படிப்படியாக நகர்த்தினார். ஒவ்வொரு படியிலும் உயிரோடிருக்கும் எல்லா நட்சத்திரங்களின் ஒளியையும் கூட்டி, கேலக்ஸி என்ன நிறத்தில், எவ்வளவு பிரகாசத்தில் தெரியும் என்று பார்த்தார். மக்கள்தொகைக் கணக்கு மாதிரிதான். பிறப்பு, இறப்பு, வயது, எண்ணிக்கை.

வந்த விடை சாண்டேஜுக்குச் சாதகமாக இல்லை. நீள்வட்ட கேலக்ஸியில் புதுப் பிறப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. பெரியவை ஒவ்வொன்றாக அணைய, நூறு கோடி ஆண்டுக்குச் சில சதவீதம் என்று அது மங்கிக்கொண்டே வருகிறது. ஆக, இளமையில் அது இன்னும் பிரகாசமாக இருந்திருக்கிறது. தெருவின் அந்தக் கோடியில் அதிக வாட் பல்புகள். நாம் கணித்ததைவிட அவை தொலைவில் இருக்கின்றன. பிரபஞ்சத்தின் வேகம் நினைத்த அளவுக்குக் குறையவில்லை என்று இதற்குப் பொருள். சிறிய திருத்தம் என்று ஓரமாக வைத்தது, கேள்வியின் விடையையே மாற்றிவிடக்கூடியதாக இருந்தது.

இதை ஏற்க எழுபதுகளின் பெரும்பகுதி ஆயிற்று. 1974இல் கோட், கன், ஷ்ராம் மூவரோடும் சேர்ந்து, பிரபஞ்சம் திரும்பச் சுருங்காது என்று வாதிட்டார் டின்ஸ்லி. 1975இல் ஜேம்ஸ் கன்னும் அவரும், விரிவு வேகம் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு என்று எழுதினார்கள். நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அதே ஆண்டில் ஆஸ்ட்ரிக்கரும் ட்ரெமெய்னும், ராட்சத கேலக்ஸிகள் அக்கம்பக்கத்துச் சிறியவற்றை விழுங்கிப் பெருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்கள். அது எதிர்த்திசைத் திருத்தம். அதன்பிறகு கேலக்ஸியை அளவுகோலாக நம்புவது கடினமாகிவிட்டது. வேகம் கூடுகிறது என்பதற்கு 1998இல் சான்று கிடைத்தது. அதற்கு ஒருவகைச் சூப்பர்நோவாக்கள் பயன்பட்டன, கேலக்ஸிகள் அல்ல.

3

இந்தக் கணக்கைப் போட்டவர் எங்கே உட்கார்ந்து போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1941இல் இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். கிறைஸ்ட்சர்ச்சில் இயற்பியல் படித்தார். உடன் படித்தவரை மணந்தார். கணவர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தால் மனைவிக்கு அங்கே வேலை கிடையாது என்ற விதி திருமணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. 1963இல் கணவருக்கு டாலஸில் வேலை கிடைக்க அங்கே போனார்கள். டின்ஸ்லி 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆஸ்டினுக்குப் போய்வந்து பட்டத்தை முடித்தார். இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். டாலஸில் அவருடைய தகுதிக்கேற்ற பதவி அமையவில்லை. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பல இப்படி வீட்டுக்கும் ஊர்ப்பயணத்துக்கும் நடுவே செய்யப்பட்டவை.

1974இல் மணமுறிவு. 1975இல் யேல் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆனார், 1978இல் பேராசிரியர். குழந்தைகள் தந்தையோடு டாலஸிலேயே இருந்தார்கள். 'குழந்தைகளை விட்டுவிட்டுப் போனவர்' என்ற தொடர் அவரைப் பற்றிய குறிப்புகளில் தவறாமல் வருகிறது. மலை மேல் தொலைநோக்கியோடு இரவுகளைக் கழித்த எத்தனையோ ஆண் வானியலாளர்களைப் பற்றிய குறிப்பில் இப்படி ஒரு தொடரை நான் பார்த்ததில்லை. அதற்காக அவரைத் தியாகி ஆக்கவும் எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிரிவின் வலி அவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. அதை வைத்து நாம் புல்லரித்துக்கொள்ளக் கூடாது.

யேலில் ரிச்சர்ட் லார்சனோடு சேர்ந்து 1978இல் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. ஹால்டன் ஆர்ப் 1966இல் தொகுத்த படத்தொகுப்பில் ஒன்றோடொன்று மோதி, வால் நீண்டு, உருக்குலைந்த கேலக்ஸிகள் 338 இருந்தன. விசித்திரங்களின் காட்சிசாலை என்று பார்க்கப்பட்டவை. அவற்றின் நிறங்களைச் சாதாரண கேலக்ஸிகளின் நிறங்களோடு ஒப்பிட்டால், மோதியவற்றில் குறுகிய காலத்தில் நட்சத்திரப் பிறப்பு திடீரென்று பெருகியிருப்பது தெரிந்தது. மோதலில் வாயு நெருக்கப்படுகிறது, நட்சத்திரங்கள் கும்பலாகப் பிறக்கின்றன. விலக்கு என்று ஒதுக்கப்பட்டது, திரள்கள் எப்படி உருவாகின்றன என்பதற்கான தடயமாக மாறியது. அதே 1978இல் அவருக்குத் தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. வலது கை இயங்காமல் போனபின் இடது கையால் எழுதினார். 1981 மார்ச் 23இல் இறந்தபோது வயது 40.

இன்றைக்கு எந்தக் கேலக்ஸியின் ஒளியிலிருந்தும் அதன் வயதையும் நிறையையும் பிறப்பு வீதத்தையும் கணிக்கும் முறைகள் டின்ஸ்லி போட்ட பாதையில் வந்தவைதான். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பிரபஞ்சம் தோன்றி 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸியைக் காட்டியது. இவ்வளவு சீக்கிரத்தில் இவ்வளவு வெளிச்சமா என்று ஆய்வாளர்கள் திகைத்தார்கள். பிறப்பு விட்டுவிட்டு வெடிப்பாக நடந்ததா, பெரிய நட்சத்திரங்களின் விகிதம் அப்போது வேறாக இருந்ததா என்ற அவர்களுடைய கேள்விகள் டின்ஸ்லியின் கணக்கில் இருந்த அதே உறுப்புகளைப் பற்றியவைதான்.

4

நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். யார் கேள்வி கேட்கலாம், யாருக்கு மேசையும் சம்பளமும் உண்டு, எந்த அனுமானம் கேள்விக்கு அப்பாற்பட்டது என்பதையெல்லாம் அதிகாரம் தீர்மானிக்கிறது. அந்தப் பாதியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நீள்வட்ட கேலக்ஸி மங்குகிறதா இல்லையா என்பதைப் பாலோமரும் தீர்மானிக்கவில்லை, யேலும் தீர்மானிக்கவில்லை. டின்ஸ்லி சாண்டேஜை மறுத்தது 'உன் கதைக்கு எதிராக என் கதை' என்று அல்ல. உன் பல்புகளுக்கு வயதாகிறது, இதோ கணக்கு, நீயே போட்டுப் பார் என்று. அந்த வாய்ப்பு இல்லாவிட்டால், பதவியில்லாத ஒருத்தி பதவியிலிருக்கும் ஒருவரைத் திருத்துவதற்கு வேறு என்ன வழி இருந்திருக்கும்? எல்லாம் கதையாடல்தான் என்று நாம் சொல்லிவிடும்போது, அவர் கையிலிருந்த ஒரே ஆயுதத்தையும் பிடுங்கிவிடுகிறோம்.

மாறாதவை என்று நாம் தூக்கிப் பிடிக்கும் அளவுகோல்களை இதோடு பொருத்திப் பார்க்கக் கை பரபரக்கிறது. வேண்டாம். நட்சத்திரங்கள் நம் இலக்கியச் சண்டைக்கு உவமையாவதற்காகப் பிறக்கவில்லை. அடுத்த முறை அந்த நண்பரைப் பார்க்கும்போது, அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்லும்படி கேட்கப்போகிறேன். நானும் இனி அதை முழுசாகச் சொல்லப்போவதில்லை.