தூரம் குறைந்தால் நேரமும் குறையுமா?

இரவு மணி 10. அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. நாகப்பட்டினத்தில் இருந்த பெரிய பாட்டி, அதாவது என் பாட்டியின் அக்காள், காலமாகிவிட்டார். மறுநாள் மாலை 4 மணிக்கு எடுக்கிறார்களாம். பாட்டி அலமாரியிலிருந்து ஒரு புதுப் புடவையை எடுத்து வந்தார். "பொறந்த வீட்டுக் கோடி போட அவளுக்கு நம்மள விட்டா யாருய்யா இருக்கா? நீ போய்ச் சேந்துருவியா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவிடம் இந்திய விசா ஏற்கெனவே இருந்தது. நேரம்தான் கேள்வி. படிவம் 6 மாணவியான நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர். திருச்சிக்குச் சுமார் 2,690. "சென்னைதான் கிட்ட, அதுக்கே டிக்கெட் போடு" என்றார் சித்தப்பா. ஆனால் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு அந்த 60 கிலோமீட்டர் ஐந்து நிமிடம்கூட இல்லை. தரையில்தான் கணக்கு மாறுகிறது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் 300 கிலோமீட்டருக்கு மேல். காரில் ஆறேழு மணி நேரம். திருச்சியிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் போதும்.

காலை 8.30க்குத் திருச்சி விமானம் ஒன்று இருந்தது. சேரும் நேரம் காலை 10.00 என்று போட்டிருந்ததைப் பார்த்து, "ஒன்றரை மணி நேரம்தானா?" என்றான் தம்பி. இங்கேதான் பலரும் தடுமாறுவோம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆக, பறக்கும் நேரம் நான்கு மணி. திரும்பி வரும்போது அதே நான்கு மணி ஆறரை மணிபோல் தெரியும்.

"ரெண்டு மணி நேரந்தானே வித்தியாசம்?" என்றார் பாட்டி. அவர் சொன்னதும் ஒரு காலத்தில் சரிதான். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வருவதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. பெரிய பாட்டி ஊர் திரும்பியது அதற்கு முன்பு, 1970இல். வேலை பெர்மிட் சிக்கலில் தோட்டத்தை விட்டுப் போன பல குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. பினாங்கில் 'ரஜூலா' கப்பலேறி, நாட்கணக்கில் கடலில் கிடந்து நாகப்பட்டினத்தில் இறங்கினார்களாம்.

வீட்டிலிருந்து வீடு வரை என் கணக்கு இது: அதிகாலை 4.30க்குக் கோலா சாவாவை விட்டுக் கிளம்ப வேண்டும். 8.30க்கு விமானம். இந்திய நேரம் 10.00க்குத் திருச்சி. குடிநுழைவுச் சோதனை, பெட்டி எல்லாம் முடிய 11.00. நாகப்பட்டினம் 2.30. கையில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். சென்னை வழியாகப் போனால் மாலை 6 மணி ஆகிவிடும்.

மாணவ நண்பர்களே, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். டிக்கெட்டில் உள்ளது எந்த ஊர் நேரம், இறங்கிய பிறகு தரையில் எவ்வளவு தூரம் என்பதையும் கேளுங்கள். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வரும் நாளில் அந்தக் கணக்குத்தான் உதவும்.

அப்பா 2.40க்குப் போய்ச் சேர்ந்தார். இங்கே மணி 5.10. பாட்டி கடிகாரத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தார். "கோடி போட்டாச்சும்மா" என்று அப்பா அழைத்துச் சொன்ன பிறகுதான் எழுந்து குளிக்கப் போனார்.