கார்த்திகைக் கிழங்குக்கு எருவும் ஓமோனும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில், மாரி மழை தொடங்கியதும் வேலிகளிலும் பற்றைகளிலும் தானே முளைத்துப் படர்வது கார்த்திகைச் செடி. அதன் கிழங்கு கலப்பையைப் போல் வளைந்து இரு கிளையாக இருத்தலின் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர் பெறும். இங்கே களையென்று பிடுங்கி எறியப்படும் இச்செடியைத் தமிழ்நாட்டில் மூலனூர், வேதாரணியம் முதலிய இடங்களிற் பயிராகவே செய்கின்றனர். மூட்டுவாத மருந்தான கொல்சிசின் இதன் விதையிலிருந்து எடுக்கப்படுவதே காரணம்.

இப்பயிருக்கு ஓமோன் இட்டால் விளைச்சல் பெருகுமா? நெல் விளைவிப்போர் இதற்கு விடையை நெல்லிலேயே காணலாம். நாற்று வெளிறி, நெட்டையாக ஓடிச் சாயும் நோயொன்று யப்பானில் இருந்தது. ஒரு பூஞ்சணம் சுரக்கும் பொருளே அதற்குக் காரணமென 1926இல் குரோசாவா என்பவர் காட்டினார். 1935இல் அப்பொருளுக்குக் கிபரலின் என்று பெயரிடப்பட்டது. இன்று கடைகளில் விற்கப்படும் ஓமோன்களுள் அதுவும் ஒன்று. அது செடியை நீளச் செய்யும், உணவு ஊட்டாது.

எனினும் அதற்கு ஓர் உபயோகம் உண்டு. அறுவடைக்குப் பின் கிழங்கு சில மாதம் உறங்கும். மிகச் சிறிதளவு கிபரலின் கரைத்த நீரில் நனைத்து நட்டால் உறக்கம் விரைவிற் கலையக்கூடும். ஆனால் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளையே உண்டு. அந்நுனி ஒடிந்த கிழங்கை எந்த ஓமோனும் எழுப்பாது.

விளைச்சலுக்கு எருவே ஆதாரம். மணல் நீரையும் பசளையையும் கீழே விட்டுவிடும். அவற்றைப் பிடித்து வைப்பது மக்கிய எரு. படுவான்கரை மாட்டுப் பட்டிகளில் அது தாராளமாய்க் கிடைக்கும். பச்சைச் சாணத்தை இடலாகாது, கிழங்கு அழுகும். வெள்ளம் நிற்கும் பள்ளத்திலும் அழுகும். ஆகவே மேட்டுப் பாத்தியே ஏற்றது.

இப்பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டுப் பக்கவாட்டில் மடிந்து நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. தமிழ்நாட்டிற் காலைவேளையில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கின்றனர். கூலிச் செலவைக் கணக்கிட்டு, விதை வாங்குவோரையும் முன்னரே தேடிக்கொண்டு, அதன் பின்னரே கிழங்கு நடுக.

செடி முழுவதும் கொடிய நஞ்சு. கிழங்கும் விதையும் உயிரைப் போக்கும். வற்றாளையென்று மயங்கி அவித்து உண்டு இலங்கையில் இறந்தோர் உளர். அவித்தாலும் நஞ்சு அழியாது. வற்றாளைப் பாத்திக்கு அருகே இதனை நடாதிருக்க. விதைக் கிழங்கைக் குசினியில் வையாது, பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வைக்க. தவறி உண்டவரை, நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது, உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்க.