மோட்டார் சைக்கிளில் இருவர்: மூட்டை கட்டுவது எப்படி?

மோட்டார் சைக்கிளில் கணவனும் மனைவியும் வெளியூர் போகிறார்கள். பின்னால் இரண்டு பைகள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

புறப்படும் முன்பு வண்டியை யார் பார்த்தார்கள்? மூட்டையை யார் கட்டினார்கள்?

எங்கள் வீட்டில் முதல் தடவை இரண்டையும் நானே செய்தேன். அதனால் ஒரு உயிர் போக இருந்தது!

சக்கரத்தில் சிக்கிய துப்பட்டா

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. சென்னையில் இருந்து திருச்சிக்கு நானும் என் மனைவியும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம்.

பின் சக்கரத்தின் இரு பக்கமும் பை மாட்டுவதற்கு இரும்புச் சட்டம் வேண்டும். அதைப் பொருத்தும்போது, ‘சாரி கார்டு’ இடைஞ்சலாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். “கழற்றிவிடுங்கள்” என்றேன். அந்தக் கம்பி வண்டியின் அழகைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் முதுகில் படபடவென்று அடி விழுந்தது. மனைவி கத்தியிருக்கிறாள். ஹெல்மெட்டுக்குள் இருந்த எனக்குக் கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். அவள் கழுத்தில் துப்பட்டா இல்லை. பாதி, பின் சக்கரத்தின் கம்பிகளில் சுற்றிக் கிடந்தது. மீதிப் பாதி கிழிந்து சாலையில் கிடந்தது.

அன்று அவள் துப்பட்டாவுக்கு ஊக்கு குத்த மறந்துவிட்டாள். அதனால் அது கழுத்தில் இருந்து நழுவிப்போனது. ஊக்கு குத்தியிருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

சாலையோரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்: “இனிமேல் மூட்டை கட்டுறது என் வேலை. நீங்க வண்டியை மட்டும் பாருங்க.”

சாரி கார்டு அழகுக்காக வைத்தது அல்ல. அது சட்டம். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி அதைச் சொல்கிறது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். கால் வைக்க மிதி வேண்டும். அவருடைய துணி சக்கரத்தில் சிக்காதபடி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதை மாட்டினேன். அதை விட்டு விலகி நிற்கும் வேறு சட்டம் வாங்கி, பைகளை அதில் தொங்கவிட்டேன். கூடுதல் செலவுதான். செய்தேன்.

எத்தனை கிலோ?

அடுத்த பயணம் கொல்லிமலைக்கு. சென்னையில் இருந்து 350 கி.மீட்டருக்கு மேல். நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் இந்த மலையில் ஏற, காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கவேண்டும்.

“வண்டி எத்தனை கிலோ தாங்கும்?” என்று மனைவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பத்து வருடம் வண்டி ஓட்டியவனுக்குத் தெரியவில்லை!

வண்டியோடு தரும் கையேட்டில் அது இருக்கிறது. ஆட்களும் சுமையும் சேர்த்து மொத்தம் இத்தனை கிலோ வரை போகலாம் என்று போட்டிருப்பார்கள். அதில் இருந்து வண்டியின் எடையைக் கழிக்கவேண்டும். பிறகு கணவன் எடை, மனைவி எடை. எங்கள் கணக்கில் மிச்சம் 25 கிலோ.

திருச்சிக்குக் கொண்டு போன அதே சாமான்களைக் கட்டி, தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தோம். 41 கிலோ! கடைக்காரர், “பேப்பரா, இரும்பா?” என்று கேட்டார்.

அதிகச் சுமை என்ன செய்யும்? பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகும். பின் டயர் சூடாகும். எல்லாவற்றையும் விட, சுமை பின்னால் போகப்போக முன் சக்கரம் லேசாகிவிடும். முன் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால், ஹேண்டில்பார் சொல் கேட்காது.

1952-ம் ஆண்டில் சேகுவேராவும் அவர் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார்கள். 500 சி.சி. நார்ட்டன் மோட்டார் சைக்கிள். அதற்கு ‘வல்லவள்’ என்று பொருள்படும் பெயரையும் வைத்திருந்தார்கள். பின்னால் சுமை ஏறியதால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டது என்றும், கொஞ்சம் கவனம் பிசகினாலும் விழுந்தோம் என்றும் சேகுவேராவே எழுதியிருக்கிறார். சிலி நாட்டில் வண்டி உயிரை விட்டது. மீதித் தூரத்துக்கு லாரிகளையும் கால்களையும் நம்பினார்கள். நம்முடைய பயணத்துக்கு அத்தனை புகழ் வேண்டாம். வீடு திரும்பினால் போதும்.

கனம் கீழே, லேசு மேலே

மனைவி கட்டிய முறை இது.

ஸ்பேனர், பம்பு, தண்ணீர் பாட்டில் போன்ற கனமான சாமான்கள் பக்கப் பைகளின் அடியில். அதுவும் பையின் முன்பகுதியில், அவள் காலுக்கு அருகே. துணிமணிகள் அவற்றுக்கு மேலே. இருக்கைக்குப் பின்னால் உள்ள கேரியரில் மழைக்கோட்டு மட்டும். மழை வந்தால் முதலில் தேவைப்படுவது அதுதானே!

இரண்டு பைகளையும் தனித்தனியாக நிறுத்தாள். ஒன்று 9 கிலோ, மற்றொன்று 10. ஒரு பக்கம் கனத்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.

சைலன்சர் உள்ள பக்கத்தில் பை அதைத் தொடக்கூடாது. தொட்டால் உருகிவிடும். இண்டிகேட்டரும் பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக்கூடாது. தொங்குகிற பட்டை ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒவ்வொரு பட்டையின் நுனியையும் மடித்து முடிச்சுப் போட்டாள். துப்பட்டா கற்றுத்தந்த பாடம் அது.

கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம் என்றாள். இழுக்கும்போது கொக்கி நழுவினால் கண்ணில் அடிக்கும். பங்க்சர் கடையில் பழைய டியூப் வாங்கி, நாடா நாடாக வெட்டிக்கொண்டாள். அது நன்றாகப் பிடிக்கிறது.

பை ‘வாட்டர்புரூப்’ என்று கடையில் சொல்வார்கள். நம்பவேண்டாம். துணியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பைக்குள் வையுங்கள்.

வண்டி வேலை

என் வேலைக்கு வருகிறேன். சர்வீசுக்கு, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியை விடவேண்டும். முதல் நாள் விடக்கூடாது. கழற்றி மாட்டியதில் ஏதாவது தளர்ந்திருந்தால், அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு பேர் போவதற்கு வண்டியில் நான்கு இடங்களில் மாற்றம் தேவை.

பின் டயருக்குக் காற்று. ஒருவர் போனால் ஒரு அளவு, இருவர் போனால் அதற்கு மேல். இரண்டு அளவும் கையேட்டில் இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது காலையில் பிடிக்கவேண்டும்.

பின் ஷாக் அப்சர்பர். பல வண்டிகளில் அதன் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் உண்டு. ஆளும் சுமையும் ஏறினால் ஒன்றிரண்டு படி கூட்டவேண்டும். இரு பக்கமும் ஒரே படி.

செயின். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெறும் வண்டியில் தளர்வாகத் தெரியும் செயின், இருவர் ஏறிப் பின்பகுதி அமுங்கியதும் இறுகிவிடும். ஆகவே, “மலைக்குப் போகிறோம், நன்றாக முறுக்கு” என்று மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள். கையேட்டில் உள்ள அளவே போதும்.

ஹெட்லைட். பின்னால் சுமை ஏறினால் வெளிச்சம் மேலே போகும். எதிரே வருபவர் கண்ணைக் கூசும். உங்கள் பாதையோ இருட்டாக இருக்கும். இருவரும் உட்கார்ந்து, சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி விளக்கைச் சரிசெய்யுங்கள்.

பிரேக், ஆயில், பல்பு எல்லாம் வழக்கம்போல. கிளட்ச் வயரும் ஆக்சிலரேட்டர் வயரும் கையில் ஒவ்வொன்று இருக்கட்டும். மலையில் கடை கிடையாது.

பின்னால் இருப்பவரும் ஓட்டுகிறார்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இருவருக்குமே ஹெல்மெட் கட்டாயம். பின்னால் இருப்பவருக்கு விலை குறைந்த தொப்பியை மாட்டிவிடும் கணவன்மார்களை நான் பார்க்கிறேன். தலை இருவருக்கும் ஒன்றுதான்.

சேலை கட்டி ஒருபுறமாக உட்கார்ந்து மலை ஏறவேண்டாம். சுடிதார், மூடிய செருப்பு, இருபுறமும் கால். துப்பட்டா வேண்டாம். வேண்டும் என்றால் சட்டைக்குள் செருகி, மேலே ஜாக்கெட் போடுங்கள்.

வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஆபத்து. ஓட்டுபவரின் தோளோடு தோளாக, அவர் சாயும் அளவுக்கே சாயவேண்டும். ஏறுவதும் இறங்குவதும் சொல்லிவிட்டுத்தான்.

பேச்சு கேட்காது. எனவே சைகை வைத்துக்கொண்டோம். தோளில் ஒரு தட்டு: மெதுவாக. இரண்டு தட்டு: நிறுத்து. காரணம் கேட்கக்கூடாது. முதலில் நிறுத்தவேண்டும்.

ஆத்தூரில் இரவு தங்கினோம். காலையில் ராசிபுரம் வழியாகக் காரவள்ளி. அங்கே வண்டியை நிறுத்தி, மனைவி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்று தளர்ந்திருந்தது. மறுபடி கட்டினாள்.

23-வது வளைவில் தோளில் இரண்டு தட்டு. நிறுத்தினேன். “என்ன ஆச்சு?” என்றேன். “ஒண்ணும் இல்லை. கீழே பாருங்க” என்றாள். நாங்கள் வந்த சாலை பாம்பு போல வளைந்து கிடந்தது. இரண்டு தட்டை இதற்கெல்லாம் செலவழிக்கலாமா என்று சண்டை போட்டேன். ஆனால், பார்த்தேன்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ, அதே கியர். பிரேக்கை விடாமல் அமுக்கிக்கொண்டே இறங்கினால், சூடேறிப் பிடிக்காமல் போகும்.

திரும்பும் நாளன்று வழியில் பலாப்பழம் விற்றார்கள். கொல்லிமலைப் பலா! வாசனை இழுத்தது. “ஒன்று வாங்கலாமா?” என்று கேட்டேன்.

“எத்தனை கிலோ?” என்றாள் மனைவி.

கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.