நுகத்தடியும் ஐந்தாஞ் சக்கரமும்

ஒரு வினையைத் தொடங்குமுன் அவ்வினையின் வலியையும் தன் வலியையும் சீர்தூக்க வேண்டும் என்பது வள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திற் கூறும் நெறி. அதற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று வண்டி. மயிலிறகேயாயினும் அளவுகடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பது அதன் கருத்து. இக்காலத்து மோட்டார் வண்டிகளுக்கு விதிக்கப்பட்டுள்ள எடை வரம்புகளின் உட்பொருளும் இதுவே. ஆயின், அவ்வரம்புகள் ஒன்றல்ல, பல. அவற்றுள் எது நம்மைக் கட்டுப்படுத்துவது என்பதை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

நம் இராமநாதபுரக் கரையில் உப்பும் கருப்பட்டியும் கருவாடும் மாட்டுவண்டியிற் சென்ற காலம் உண்டு. அவ்வண்டியிற் பாரம் ஏற்றுவோன் மூட்டைகளை எண்ணுவதோடு நில்லான். அவற்றை எங்கே வைப்பது என்பதையும் எண்ணுவான். முன்னே மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். ஆகவே மாடு இரண்டு தொழில் செய்கின்றது. வண்டியை இழுக்கின்றது, அதன் பாரத்தில் ஒரு பங்கைக் கழுத்தில் தாங்கவும் செய்கின்றது. இழுத்தல் வேறு, தாங்குதல் வேறு. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் எஞ்சியவை எளிதில் விளங்கும்.

1988-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், முன்னே இஞ்சின் வண்டியும் பின்னே நீண்ட டிரெயிலருமாக இரு கூறாய் அமைந்த லாரிகளைக் காணலாம். அந்த டிரெயிலருக்கு முன்சக்கரம் இல்லை. அதன் முன்பகுதியில் கீழ்நோக்கி நிற்கும் தடித்த முளை, இஞ்சின் வண்டியின் மேலுள்ள வட்டத் தட்டிற் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். அத்தட்டுக்கு 'ஐந்தாஞ் சக்கரம்' என்று பெயர். முற்காலக் குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்த வளையத்துக்கு வழங்கிய பெயர் இதற்கும் ஆயிற்று.

பாம்பனில் இரயிற் பாலம் திறக்கப்பட்ட 1914-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் புரூஹாஃப் என்னும் கொல்லர், ஒரு மர வியாபாரியின் படகை இழுத்துச் செல்வதற்காக இத்தகைய டிரெயிலர் ஒன்றைச் செய்து, ஃபோர்டு காரொன்றிற் பூட்டிக் கொடுத்தார். பின்னர் அது பெருந்தொழிலாக வளர்ந்தது. அந்நாட்டில் இன்று, நம் ஊரில் மீனும் ஐஸும் ஏற்றும் பிக்கப் வண்டியினும் பெரிய பிக்கப் வண்டிகளில் ஐந்தாஞ் சக்கரம் பொருத்திச் சக்கரவீடுகளையே இழுத்துச் செல்கின்றனர். எடைக் கணக்கிற் பலரும் தடுமாறுவது இவ்விடத்திலேதான்.

அறிய வேண்டிய எண்கள் ஐந்து. வண்டியின் வெற்றெடை ஒன்று. வண்டியும் அதன்மேல் அமரும் யாவும் சேர்ந்து கடக்கலாகாத மொத்த எடை இரண்டு. ஒவ்வோர் அச்சும் தாங்கத்தக்க பாரம் மூன்று. இழுக்கத்தக்க டிரெயிலரின் எடை நான்கு. வண்டியும் டிரெயிலரும் சேர்ந்த கூட்டெடை ஐந்து. விற்போர் உரக்கக் கூறுவது நான்காவதனையே. ஆனால் முதலில் எட்டப்படும் வரம்பு பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோ ஆகும். ஏனெனில், ஐந்தாஞ் சக்கர டிரெயிலர் தன் எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை இழுக்கும் வண்டியின்மேலேயே சுமத்துகின்றது. அது மாட்டின் கழுத்துப் பாரத்துக்கு ஒப்பானது; பிக்கப்பில் அதனைப் பெரிதும் தாங்குவது பின்னச்சு.

ஓர் உதாரணங் கொள்வோம். ஒரு பிக்கப்பின் வெற்றெடை 3,200 கிலோ. மொத்த எடை வரம்பு 4,500 கிலோ. இழுவை வரம்பு 6,000 கிலோ. கூட்டெடை வரம்பு 9,500 கிலோ. ஆட்களும் கருவிகளும் 500 கிலோ. பூட்டும் டிரெயிலர் 5,000 கிலோ. இழுவை வரம்பிற்கு 1,000 கிலோ குறைவு. கூட்டெடையோ 8,700 தான். அச்சமில்லை என்று தோன்றும். ஆனால் டிரெயிலரின் ஐந்திலொரு பங்காகிய 1,000 கிலோ வண்டியின்மேல் அமர்கின்றது. 3,200, 500, 1,000 ஆக 4,700 கிலோ. வரம்பை 200 கிலோ கடந்தாயிற்று! இவ்வண்டிக்குத் தகுந்த டிரெயிலர் 4,000 கிலோவே. பல வரம்புகள் இருக்குமிடத்து மிகச் சிறியதே ஆணை செலுத்தும் என்பது இதனாற் பெறப்படும்.

டிரெயிலரிலுள்ள சரக்கைப் பின்னே தள்ளி, வண்டியின் மேலுள்ள பாரத்தைக் குறைத்தாலென்ன என்று சிலர் வினவலாம். அது பின்பாரமாய் முடியும். முளையின்மேல் போதிய அழுத்தமில்லாத டிரெயிலர் ஓட்டத்திற் பக்கவாட்டில் அலையும். இருபுறமும் கடல் சூழ்ந்த பாம்பன் பாலத்தின்மேல் குறுக்கே வீசும் காற்றில் அவ்வலைவு எத்துணை இடர் விளைக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேலும், மிகை பாரத்தால் டயர் சூடேறி வெடிக்கும். பிரேக் பிடித்தும் வண்டி வேண்டிய தூரத்தில் நில்லாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய டிரெயிலருக்கு இலக்கணம் வகுக்குங்கால், அதன் எடையில் ஒரு பகுதியை இழுக்கும் வண்டி தாங்குவதையே அடையாளமாகச் சொல்கின்றது. பதிவுச் சான்றிற் குறித்த மொத்த எடையையும் அச்சுப் பாரத்தையும் கடந்து ஓட்டுதல் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். நான்கு டயருள்ள அச்சின் வரம்பு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எனினும் சட்டம் எண்ணை உயர்த்தியதனால் தேய்ந்த அச்சு புதுவலி பெற்றுவிடாது.

காற்று குறித்த வேகத்தைக் கடந்தால் பாம்பன் இரயிற் பாலத்தில் இரயிலை நிறுத்திவிடுகின்றனர். அதனைக் கோழைமை என்று இக்கரையில் எவரும் இகழ்வதில்லை. அங்ஙனமே, எடைமேடையில் வண்டியை ஏற்றி நிறுத்துப் பார்த்து, "இம்மூட்டையை இறக்குக" என்னும் டிரைவரையும் இகழாதிருத்தல் நம் கடன். வாடகைக்காக மேலும் ஏற்றச் சொல்வோர் கரையில் இருப்பர். பாலத்தின்மேற் செல்பவன் அவனே. அவன் சொற்கு வலிமை தருவது அச்சான்றிலுள்ள எண். அதனைப் படிக்கக் கற்போமாக.